ஒரு கிராணியின் நன்றி

அன்புள்ள ஐரின் அக்கா,

நாம் ஒருமுறைகூடப் பேசிக்கொண்டதில்லை. நீங்கள் போய்ப் பத்து வருடத்துக்கு மேலாகிறது. தொழிலாளர்களுக்காகக் குரல் கொடுத்த ஐரின் பெர்னாண்டஸ் என்ற பெயரைப் பேப்பரில் மட்டுமே பார்த்தவள் நான். ஆனாலும் அக்கா என்றுதான் எழுத வருகிறது. நீங்கள் 1946-இல் பிறந்தவர், நான் உங்களுக்கு இருபது வயது இளையவள். நீங்கள் சுங்கை பட்டாணிப் பக்கம் தோட்டத்தில் வளர்ந்தவர், நான் காப்பார் சாலையை ஒட்டிய ஒரு தோட்டத்தில் வளர்ந்தவள். இந்த உறவு போதும் என்று நினைக்கிறேன்.

கிள்ளானில் ஒரு சின்ன மரச்சாமான் தொழிற்சாலையில் சம்பளக் கணக்கு எழுதுகிறேன். வேலைக் கடிதத்தில் அதற்கு அழகான ஒரு பெயர் உண்டு. தோட்டத்துப் பேச்சில் சொன்னால், கிராணி.

அந்தச் சொல் எங்கள் லயத்தில் எப்படி ஒலித்தது என்று உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. விடிவதற்கு முன் பெரட்டுக் களத்தில் பெயர் எடுப்பு. கிராணி கையில் செக்ரோல் என்ற வருகைப் பதிவேடு. ஐந்து நிமிடம் பிந்தி வந்தால் அரைப் பேர், அதாவது அரைநாள் கூலி. வேலை நேரத்தில் பிள்ளைக்குப் பால் கொடுக்கப் போனாலும் அரைப் பேர். ஒரு மனுஷிக்கு எப்படி அரைப் பேர் போட முடியும் என்று சின்ன வயதில் நான் குழம்பியதுண்டு. சம்பள நாளில் அம்மா வரிசையில் நின்று பணத்தை வாங்கி, அப்படியே முந்தானையில் முடிந்துகொள்வார். கிராணி முன்னால் எண்ணிப் பார்த்தால் அவரைச் சந்தேகப்பட்டதாக ஆகிவிடுமாம். வீட்டுக்கு வந்து, அடுப்படியில் உட்கார்ந்துதான் எண்ணுவார். குறைந்திருந்தால் குறைந்ததுதான்.

அம்மா மருந்து அடிக்கிறவர். நாலு கேலன் பம்பை முதுகில் மாட்டிக்கொண்டு பால்மரத்துக்கு அடியிலும், பிறகு செம்பனைக்கு அடியிலும் புல்லுக்கு மருந்து அடிப்பார். பம்பு கசிந்தால் முதுகு நனையும். எதிர்க்காற்று அடித்தால் முகம் நனையும். கையுறை கிடையாது, கிடைத்தாலும் அந்த வெக்கையில் போட முடியாது. நகங்கள் கறுத்து, ஓரத்தில் வெடித்து, சில சமயம் கழன்றே வந்துவிடும். மூக்கில் ரத்தம் வரும். தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெஸ்ஸர் மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுவார். மருந்து வாடை அடிக்கும் சட்டையை அம்மா தனியாகத் துவைத்து, தனிக் கொடியில் காயப்போடுவார். சனிக்கிழமை மாலையில் மட்டும் எலுமிச்சைத் தோலால் விரல்களைத் தேய்தேயென்று தேய்ப்பார். மறுநாள் பூசைக்குப் போக வேண்டுமே. நற்கருணைக்கு நீட்டுகிற கை.

கிள்ளான் லூர்து மாதா கோவிலுக்குத் தோட்டத்து லாரியில் போவோம். சூஏ என்ற பிரெஞ்சுச் சாமியார் தாமே வரைபடம் போட்டு, 1928-இல் கட்டி முடித்த கோவில் அது. அந்தக் கோபுரத்தைப் பார்க்கும்போதெல்லாம் வேறு ஏதோ தேசத்துக்கு வந்துவிட்ட மாதிரி இருக்கும். கெபிக்கு முன்னால் அம்மா வெகுநேரம் முழந்தாளில் இருப்பார். நகத்தைப் பற்றி மாதாவிடம் சொன்னாரா என்று எனக்குத் தெரியாது. சொல்லியிருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன். மருந்து, பம்பு, அரைப் பேர் இவையெல்லாம் கோவிலுக்குக் கொண்டுபோகும் சங்கதிகள் அல்ல என்பது எங்கள் வீட்டில் எழுதாத சட்டம். லாரியிலிருந்து இறங்கும்போதே அவற்றை லாரியிலேயே விட்டுவிட வேண்டும். திரும்பி ஏறும்போது எடுத்துக்கொள்ளலாம்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் சில பெண்கள் எங்கள் தோட்டத்துக்கு வந்தார்கள். எந்த அமைப்பு என்று அம்மா கேட்கவில்லை, எனக்கும் தெரியாது. வீட்டு முகப்பில், ஐந்தடியில் உட்கார்ந்து கேள்வி கேட்டார்கள். கண் எரியுமா, மூக்கில் ரத்தம் வருமா, மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா, எந்த மருந்து, டின்னில் என்ன நிறத்தில் சீட்டு. அம்மா சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார்கள். அவர்கள் போன பிறகு அம்மா சொன்னது நினைவிருக்கிறது: “நான் சொன்னத அப்படியே எழுதிக்கிட்டாங்கடி.” அதுவரை அவர் வாழ்க்கையில் யாரும் அவர் சொன்னதை எழுதியதில்லை. அவருடைய பெயரைத்தான் எழுதியிருக்கிறார்கள், அதையும் பாதியாக.

உங்கள் தெனாகனிதா அமைப்பும் பினாங்கில் இருக்கும் பூச்சிக்கொல்லி எதிர்ப்பு அமைப்பும் சேர்ந்து, தோட்டத்தில் மருந்து அடிக்கும் பெண்களைப் பற்றிய ஆய்வை 2002-இல் வெளியிட்டீர்கள். அந்த வருடம்தான் அரசாங்கம் பாராகுவாட் என்ற களைக்கொல்லியைப் படிப்படியாக நிறுத்தப்போவதாக அறிவித்தது. 2006-இல் அந்தத் தடை தளர்ந்தது. மறுபடியும் முழுத் தடை வந்தது 2020 ஜனவரி 1-இல். அம்மா 2001-இலேயே போய்விட்டார். எங்கள் ஐந்தடிக்கு வந்த பெண்கள் உங்களைச் சேர்ந்தவர்களா, வேறு யாராவதா, இனி யாரிடம் போய்க் கேட்பது? யாராக இருந்தாலும் முதல் நன்றி அதற்குத்தான். என் அம்மா சொன்னதை யாரோ எழுதிக்கொண்டதற்கு.

அடுத்து சொல்லப்போவதை நன்றிக் கடிதத்தில் சொல்லலாமா தெரியவில்லை. சொல்லாவிட்டால் நன்றி பொய்யாகிவிடும்.

1996-இல் உங்களைக் கைது செய்த செய்தி வந்தபோது நான் உங்களுக்கு எதிராகப் பேசியவள். தடுப்பு முகாம்களில் அந்நியத் தொழிலாளர்கள் படும் பாட்டை, முந்நூறுக்கும் மேற்பட்டவர்களிடம் கேட்டு எழுதி, முந்தைய ஆண்டு மனுவாக வெளியிட்டிருந்தீர்கள். செமினி முகாமில் 59 பேர் இறந்த சேதியை ஸ்டீவன் கானும் அவருடைய சக நிருபர்களும் திரட்டியிருந்தார்கள். அவர்கள் வேலை பார்த்த நாளிதழில் அது வரவில்லை. உங்கள் வழியாக வந்தது. செத்தவர்களில் பெரும்பாலோர் வங்காளதேசத்தவர். டைஃபாய்டு, பெரிபெரி. பெரிபெரி என்றால் என்னவென்று எங்கள் தாத்தா தலைமுறைக்கு நன்றாகத் தெரியும்: வெறும் வெள்ளைச் சோற்றைத் தின்று கால் வீங்கிச் சாகிற நோய். இருபத்தோராம் நூற்றாண்டுக்கு ஐந்து வருடம் இருக்கும்போது, இரட்டைக் கோபுரம் எழும்பிக்கொண்டிருந்த ஊருக்குப் பக்கத்தில் அந்த நோய்.

எங்கள் வட்டாரத்து ஜெபக் கூட்டத்தில் ஒரு பெரியவர் உங்களுக்காக ஒரு மங்கள வார்த்தை சொல்லுவோம் என்றார். நான்தான், “அது அரசியலாச்சே, ஜெபத்துல எதுக்கு?” என்றேன். மற்றவர்கள் தலையை ஆட்டினார்கள். ஜெபமாலை அதோடு முடிந்தது, பலகாரம் வந்தது. 1976-இல் தீபகற்ப மலேசியாவின் குருக்களெல்லாம் ஒரு மாதம் பங்குகளை விட்டுக் கூடிப் பேசி, விசுவாசத்தை வீடுவீடாகக் கொண்டுபோக வேண்டுமென்று தொடங்கி வைத்த கூட்டங்கள் இவை. விசுவாசம் வீட்டுக்கு வரத்தான் வந்தது. கூடத்தோடு நின்றுவிட்டது.

பொய்ச் செய்தி வெளியிட்டதாக உங்கள் மீது வழக்கு. 2003-இல் பன்னிரண்டு மாதச் சிறைத் தண்டனை. மேல்முறையீடு இருந்ததால் வெளியே இருந்தீர்கள், ஆனால் 2004 தேர்தலில் நிற்க முடியவில்லை. 2005-இல் ஸ்வீடனிலிருந்து ரைட் லைவ்லிஹுட் விருது. 2008 நவம்பர் 24-இல் உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. மனு எழுதிய நாளிலிருந்து கணக்கிட்டால் பதின்மூன்று வருடம். கேட்டதை எழுதியதற்கு.

இனி என் இழுப்பறைக்கு வருகிறேன்.

என் மேசையில் மூன்று இழுப்பறை. இரண்டாவதில் எங்கள் அந்நியத் தொழிலாளர்களின் பதினாறு கடப்பிதழ்கள் இருந்தன, நேபாளப் பச்சையும் வங்காளதேசப் பச்சையுமாக, ரப்பர் பேண்ட் போட்டு. சாவி என்னிடம். “பாதுகாப்புக்குத்தான்” என்பார் முதலாளி. ரூமில் வைத்தால் திருடுபோகும், நனையும், அடகு வைத்துவிடுவார்கள். மனுஷர் கெட்டவர் இல்லை. தவறாமல் ஆலயத்துக்குப் போகிறவர், தீபாவளிக்கும் கிறிஸ்துமஸுக்கும் எல்லாருக்கும் கோழி வாங்கிக் கொடுக்கிறவர். நானும் அந்த இழுப்பறையை ஒரு பாதுகாப்புப் பெட்டி என்றே நினைத்திருந்தேன். நினைத்திருந்தேன் என்றால் அதைப் பற்றி நினைத்ததே இல்லை என்று அர்த்தம்.

2009-இல் ஒரு வியாழக்கிழமை, ஒரு நேபாளத் தம்பி என் மேசைக்கு வந்து நின்றான். ஊரில் அப்பா இறந்துவிட்டார். மூத்த மகன் அவன். அவன்தான் காரியம் செய்ய வேண்டும். கடப்பிதழ் வேண்டும். முதலாளியைக் கேட்டேன். ஓர் ஏற்றுமதி ஆர்டர் முடிய வேண்டியிருந்தது. “இதை முடிச்சிட்டுப் போகச் சொல்லு. எப்படியும் எரிச்சிருப்பாங்க.” நான் திரும்பி வந்து அதையே கொஞ்சம் மெதுவான மலாயில் சொன்னேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. மெஷினுக்குப் போய்விட்டான்.

ஞாயிற்றுக்கிழமை நான் திருப்பலிக்குப் போனேன். காணிக்கை எடுக்கக் கைப்பையில் கையை விட்டபோது சாவி தட்டுப்பட்டது. நாணயங்களுக்கு நடுவில், சின்னதாக. அதை ஒதுக்கிவிட்டுப் பத்து வெள்ளியை எடுத்துப் போட்டேன். வழக்கமாக ஐந்துதான் போடுவேன், அன்றைக்குப் பத்து. அது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது என்பதே எனக்கு வெட்கம்.

அவன் பதினோரு நாள் கழித்துப் போனான். திரும்பி வரவில்லை. வராததற்கு என்னைக் குறை சொல்லவும் ஆளில்லை.

நீங்கள் இறந்தது 2014 மார்ச் 31, திங்கட்கிழமை, தவக்காலம். மறுநாள் பேப்பரில் உங்கள் வாழ்க்கையைப் போட்டிருந்தார்கள். வழக்கும் விருதும் எனக்குத் தெரிந்தவை. தெரியாத ஒரு வரி இருந்தது: பள்ளி ஆசிரியையாக இருந்த நீங்கள் 1970-இல் அந்த வேலையை விட்டுவிட்டு இளம் கிறிஸ்தவத் தொழிலாளர் இயக்கத்துக்கு முழுநேரமாகப் போனீர்கள் என்று. ஒரு தோட்டத்துப் பிள்ளை வாத்தியார் வேலையை விட்டது என்றால் அது என்ன காரியம் என்று தோட்டத்தில் பிறந்தவர்களுக்குத்தான் தெரியும். வாத்தியாரும் கிராணியும் நாங்கள் ஏற நினைத்த இரண்டு ஏணிகள். ஒன்றில் ஏறி நான் உட்கார்ந்துகொண்டேன். மற்றொன்றில் ஏறிய நீங்கள் இறங்கிவிட்டீர்கள்.

அந்த இயக்கத்தைத் தேடிப் படித்தேன். பெல்ஜியத்துச் சாமியார் யோசேப் கார்டைன் 1925-இல் தொடங்கியது. எளிய தொழிலாளி வீட்டுப் பிள்ளை. படிக்கப் போனவர் விடுமுறைக்கு ஊர் வந்தபோது, கூட விளையாடியவர்கள் ஆலைக்குப் போய்விட்டிருந்தார்கள், இவரைக் கண்டு விலகிப் போனார்கள். அந்த வலியிலிருந்து வந்தது அவருடைய முறை. முதலில் பார். பார்த்ததைச் சுவிசேஷத்தோடு வைத்துச் சீர்தூக்கு. பிறகு செய். மூன்றே சொல். ஆனால் வரிசையைக் கவனியுங்கள் அக்கா, ஜெபப் புத்தகத்தைத் திறப்பதற்கு முன்னால் கண்ணைத் திறக்கச் சொல்கிறது. எங்கள் ஜெபக் கூட்டத்தில் நாங்கள் நடுவில் இருந்து தொடங்கி நடுவிலேயே முடித்துவிட்டோம்.

பார் என்று சொல்லிக்கொண்டு என் இழுப்பறையைத் திறந்து பார்த்தேன். அதில் இருந்தது என் தாத்தாவின் சைக்கிள்.

சொல்கிறேன். 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தம் பற்றித் தாத்தா சொல்லுவார். ஆர். எச். நாதன் முன்னின்று நடத்தியது. சம்பள உயர்வு, சீனத் தொழிலாளிக்குச் சமமான கூலி, கள்ளுக்கடையை மூடுவது, பெண்களைத் தொந்தரவு செய்யும் அதிகாரிகளை மாற்றுவது, இவற்றோடு இன்னொரு கோரிக்கையும் இருந்தது. துரையையோ கிராணியையோ கண்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிப்பது. நாதனைப் பிடித்து நாடு கடத்தினார்கள். பட்டாளம் வந்தது, துப்பாக்கிச் சூட்டில் ஆட்கள் செத்தார்கள். இறங்காமல் போவதற்காக உயிர் கொடுத்தவர்களின் பேத்தி, பதினாறு பேரின் சைக்கிளைப் பூட்டி வைத்துக்கொண்டு, சாவியைக் கோவிலுக்கு எடுத்துப் போனேன். எகிப்தில் நீங்களும் அந்நியர்களாய் இருந்தீர்கள் என்று வேதம் திரும்பத் திரும்பச் சொல்வது யாரைப் பார்த்து என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

1966-ஆம் ஆண்டுக் கடப்பிதழ்ச் சட்டம், அடுத்தவர் கடப்பிதழை வைத்திருப்பதைக் குற்றம் என்கிறது. அந்தப் பக்கத்தைப் படியெடுத்து, மஞ்சள் பேனாவால் கோடு போட்டு, முதலாளி மேசையில் வைத்தேன். கூடவே யாக்கோபு திருமுகம் ஐந்தாம் அதிகாரம் என்று ஒரு துண்டுச் சீட்டு. இரண்டாவதை வைத்திருக்க வேண்டாம் என்று இப்போது தோன்றுகிறது. வேதத்தைக் காட்டி ஆளை மடக்குவது நல்ல பழக்கம் இல்லை. அவர் நான்கு மாதம் என்னிடம் சரியாகப் பேசவில்லை. நானும் வீராங்கனை மாதிரி ஒன்றும் செய்துவிடவில்லை. கேட்கிறவனுக்குக் கேட்கிற அன்றே எடுத்துக் கொடுப்பது என்று மட்டும் வைத்துக்கொண்டேன். சாவி என்னிடம்தானே இருந்தது.

வாங்கிக்கொண்டு போனவர்களில் ஒருவன் ஓடிப்போனான். அதை மறைக்கமாட்டேன். “பார்த்தியா உன் தர்மத்த?” என்றார் முதலாளி. கட்டிய லெவி போயிற்று, பெர்மிட் போயிற்று. என்னிடம் பதில் இல்லை. போனவன் ஏன் போனான் என்று கேட்டு எழுதிக்கொள்ள உங்களைப் போல் யாராவது இருந்திருந்தால் தெரிந்திருக்கும்.

பிறகு 2020 வந்தது. கட்டாய உழைப்பு என்று சொல்லி அமெரிக்கச் சுங்கத்துறை ஒரு மலேசிய நிறுவனத்தின் கையுறைகளைத் தடுத்தது. கிள்ளான் மேருப் பக்கத்துத் தொழிலாளர் விடுதிகளில் கொரோனா பரவி, அந்த நெரிசல் ஊர் அறிந்த சேதியானது. மரச்சாமான் வாங்குகிற வெளிநாட்டுக்காரர்களும் தணிக்கைக்கு ஆள் அனுப்பத் தொடங்கினார்கள். ஒரே வாரத்தில் ஆளுக்கொரு இரும்புப் பெட்டி வந்தது, ஆளுக்கொரு சாவி. பெட்டிகளுக்கு முன்னால் நின்று முதலாளி படம் எடுத்துக்கொண்டார். நான் சிரித்துவிட்டேன். சுவிசேஷத்தால் முடியாததைச் சரக்கு வாங்குகிறவன் செய்துவிட்டான் என்று என் மகளிடம் சொன்னேன். “யார் செஞ்சா என்னம்மா, பெட்டி வந்திச்சில்ல?” என்றாள்.

மகள் பிரிக்பீல்ட்ஸில் இருக்கிறாள். மாதத்தில் ஒரு சனிக்கிழமை கிள்ளானிலிருந்து கொம்யூட்டர் ஏறிக் கேஎல் சென்ட்ரலில் இறங்குவேன். அந்த வண்டியில் பாதிக் கூட்டம் விடுமுறை எடுத்த அந்நியத் தொழிலாளிகள்தான். ஷா ஆலமில் ஏறுவார்கள், சுபாங் ஜெயாவில் ஏறுவார்கள். பக்கத்து இடம் காலியாக இருந்தாலும் உட்காரத் தயங்கி நிற்பார்கள். நம் ஆட்களும் பையைத் தூக்கி அந்த இடத்தில் வைத்துக்கொள்வார்கள். பையை எடுத்து மடியில் வைத்துக்கொள்ள நான் பழகிக்கொண்டேன். இதைப் போய் விசுவாசம் என்று சொல்வதா என்று நீங்கள் சிரிக்கலாம். துன் சம்பந்தன் சாலையில் செபமாலை மாதா ஆலயத்துக்குள் நுழைந்து உட்காரும்போது, அந்தப் பையின் கனம்தான் நினைவுக்கு வருகிறது. அந்தத் தெருவில் வெள்ளைக் கோலோடு நடக்கும் பார்வையற்றவர்களுக்கு வழிவிட எல்லாருக்கும் தெரியும். அரை நூற்றாண்டுக்கு மேலாக அவர்களோடு வாழ்ந்த ஊர், பழகிவிட்டது. மற்றவர்களோடு வாழவும் ஒரு நாள் பழகும்.

உங்கள் ஊர்க்காரர் இன்னொருவரையும் இங்கே நினைத்துக்கொள்கிறேன். கர்தினால் அந்தோணி சோத்தர் பெர்னாண்டஸ், அவரும் சுங்கை பட்டாணிதான். இருபது வருடம் கோலாலம்பூர் பேராயராக இருந்தவர், இந்த நாட்டின் முதல் கர்தினால். கடைசிக் காலத்தில் செராஸில், ஏழைகளின் சிறிய சகோதரிகள் நடத்தும் முதியோர் இல்லத்தில் இருந்து, 2020 அக்டோபரில் அங்கேயே கண்ணை மூடினார். அந்த மண்ணில் என்னதான் இருக்கிறதோ.

2019-இலிருந்து அந்நியத் தொழிலாளர்களுக்கும் சொக்சோ என்ற தொழிலாளர் காப்புறுதி உண்டு. விரலை ரம்பம் வெட்டினால் பாரம் நிரப்புவது என் வேலை. என்ன நடந்தது என்ற கட்டத்தில் முன்பெல்லாம் கவனக்குறைவு என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவேன். இப்போது ஆளைக் கூப்பிட்டு உட்கார வைத்துக் கேட்கிறேன். எத்தனை மணி நேரமாக நின்றிருந்தாய், ரம்பத்துக்கு மூடி இருந்ததா, யார் கழற்றியது. சொல்லச் சொல்ல எழுதுகிறேன். கட்டம் போதாவிட்டால் பின்பக்கம்.

போன வெள்ளிக்கிழமை சம்பளம். புதிதாக வந்த ஒரு பையன் சம்பளச் சீட்டோடு என் மேசைக்கு வந்தான். மலாயில் அக்காவைக் ‘ககாக்’ என்பார்கள்; இந்தப் பையன்கள் வாயில் அது ‘காக்கா’ ஆகிவிடும். “இனி அபா, காக்கா?” (இது என்ன அக்கா?) என்று ஒரு வரியில் விரலை வைத்தான். விடுதிப் பிடித்தம், ஐம்பது வெள்ளி. விளக்கலாம் என்று சீட்டை வாங்கிப் பார்த்தால், கீழே இன்னொரு வரியிலும் அதே ஐம்பது. இரண்டு முறை பிடித்திருக்கிறது. எழுதிய கை என்னுடையது.

அடித்துவிட்டு, பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டு, ஐம்பது வெள்ளியைப் பத்துப் பத்தாக எடுத்துக் கொடுத்தேன். அவன் என் முன்னால் நின்றபடியே எண்ணிப் பார்த்தான். ஒரு தாள் மடிந்திருந்தது, அதைப் பிரித்து மறுபடியும் முதலிலிருந்து எண்ணினான். நான் காத்திருந்தேன்.

இப்படிக்கு,
கிள்ளானிலிருந்து,
மருந்து அடித்தவரின் மகள்,
ஒரு கிராணி